பத்து காஜா: போன ஈயமும் வரப்போகிற ஈயமும்

வெள்ளி இரவு

கம்பாரைத் தாண்டியதும் ரயிலின் இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிய ஆரம்பித்துவிடும். ஒன்று முடியுமுன் இன்னொன்று. முன் இருக்கையில் இருந்த பையன் ஏரி, ஏரி என்று குதித்தான். அவன் பாட்டி ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "ஏரியும் இல்ல ஒண்ணும் இல்ல, ஈயக்குட்டை. அதுல போய்க் குளிச்சே, காலை ஒடிச்சிருவேன்" என்றார். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் கேட்ட மிரட்டல்தான். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆழம், அடியில் சேறு.

பத்து காஜாவில் இருக்கிற பெரியப்பா போன வாரம் கூப்பிட்டு, "லொம்போங் திரும்ப வருதாம் பாப்பா. தோட்டத்துக்குப் பின்னால யாரோ வந்து அளந்துட்டுப் போயிருக்கானுங்க. ஈயம் உனக்குத் தெரிஞ்ச விஷயமாச்சே, வந்துட்டுப் போ" என்றார். லொம்போங் என்றால் சுரங்கம்; இங்கே ஈயம் என்பது வெள்ளீயம், அதாவது டின். எனக்கு ஈயம் தெரியும் என்று அவர் நினைப்பதற்குக் காரணம், நான் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் இருக்கிறேன். துறைமுகம் வழியாகத் தாது மணலாக உள்ளே வரும், பாளமாக வெளியே போகும். அந்தத் தாள்களை நிரப்புவதுதான் என் ஈய ஞானம்.

ஆனால் தாள்களும் ஒரு கதை சொல்கின்றன. 1902 முதல் பட்டர்வொர்த்தில் எரிந்த உருக்காலையின் வேலை இப்போது புலாவ் இண்டாவுக்கு வந்திருக்கிறது. மலேசியா ஸ்மெல்டிங் கார்ப்பரேஷனுடையது. 1887இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங்கின் வாரிசு. அங்கே உருகும் தாதுவில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவது. 1972இல் ஏறக்குறைய 77,000 டன் ஈயம் தோண்டி உலகத்தில் முதலிடத்தில் இருந்த நாடு, இன்றைக்குச் சொந்தமாகத் தோண்டுவது வருடத்துக்குச் சில ஆயிரம் டன். உலை நம்மிடம் இருக்கிறது, உலைக்குத் தீனி இல்லை. பேராக்கில் மறுபடியும் நிலம் அளக்கிறார்கள் என்றால் இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் விலை. 2022 மார்ச்சில் ஒரு டன் கிட்டத்தட்ட 50,000 அமெரிக்க டாலரைத் தொட்டது. அப்புறம் இறங்கியது, ஆனால் விட்டுவிட்டு ஏறுகிறது. 2023 ஆகஸ்டில் மியன்மாரின் வா பகுதியில் சுரங்கங்களை நிறுத்தினார்கள்; 2025 மார்ச்சில் கொங்கோவின் பிஸியே சுரங்கம் சண்டையால் கொஞ்ச நாள் மூடிக்கிடந்தது. இரண்டு தடவையும் சந்தை ஆடியது. கைத்தொலைபேசியோ காரோ சோலார் பலகையோ, சர்க்யூட் இருக்கிற இடத்தில் எல்லாம் பற்றவைக்க ஒரு பொட்டு ஈயம் வேண்டும்.

பெரியம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். நாளைக்கு ஈயக் கப்பல் பார்க்கப் போகிறோம்.

சனிக்கிழமை

பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகிற சாலையில், செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) நடுவே, தண்ணீரில் நிற்கிறது அது. ஊரில் எல்லாருக்கும் ஈயக் கப்பல். பெயர்ப்பலகையில் தஞ்சோங் துவாலாங் 5ஆம் எண். 1938இல் கட்டியது, 4,500 டன் எடை, 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982 வரை ஓடியது. இந்த நாட்டில் இப்படி ஏறிப் பார்க்கக்கூடிய கப்பல் இது ஒன்றுதான் மிச்சம்.

கப்பல் என்கிறோமே தவிர, இது எந்த ஊருக்கும் போனதில்லை. தன் குட்டையைத் தானே வெட்டிக்கொண்டு அதிலேயே மிதக்கும். முன்னால் வாளிச் சங்கிலி கீழே இறங்கி மண்ணை அள்ளும், நடுவில் சுழலும் சல்லடை கல்லைப் பிரிக்கும், தண்ணீரோடு குலுக்குகிற ஜிக் தொட்டிகளில் கனமான தாது அடியில் தங்கும், மிச்ச மணலும் சேறும் பின்பக்கமாகக் கொட்டப்படும். கொட்டின இடத்தில் குட்டை மூடிக்கொண்டே வரும், வெட்டின இடத்தில் திறந்துகொண்டே போகும். கடைசியில் கப்பல் எங்கே நின்றதோ அங்கே தண்ணீர் நிரந்தரம்.

பெரியப்பா வேறொரு கப்பலில் கிரீஸ் போடுகிற வேலையில் சேர்ந்தவர். தோட்டத்துப் பிள்ளைக்குப் பால்மரம் வெட்டுவதைவிட அது பெரிய உத்தியோகம். இரவு பகல் நிற்காது, மூன்று ஷிப்ட். "அந்த வாளி கத்துற சத்தம் இருக்கே, லயத்து வீட்டுல படுத்திருந்தாலும் கேட்கும். சத்தம் நின்னுச்சுன்னாதான் எங்களுக்கு முழிப்பு வரும்."

கீழ்த்தளத்தில் ஒரு வாளி தனியாக வைத்திருக்கிறார்கள். அதன் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். மாங்கனீஸ் எஃகு உதடு, சாதாரண இரும்பு ஒரு வாரம் தாங்காது என்று அதைப் போட்டிருக்கிறார்கள். அதுவே ஒரு பக்கம் தேய்ந்து, வழவழப்பாக, உள்பக்கம் மடிந்திருக்கிறது. பெரியப்பா அதில் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்து, "இது மாத்தவேண்டியது. மாத்தாம ஓட்டியிருக்கானுங்க" என்றார். வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டு, "ஐயா, நீங்களே மிச்சத்தைச் சொல்லிடுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். நல்ல பெண்.

பெரியப்பா சொன்னதில் ஒன்று மனதில் நின்றது. கப்பல் மண்ணை அள்ளும்போது ஈயம் முழுக்கப் பிடிபடாது. பொடிப்பொடியாக இருக்கிற தாது சேற்றோடு பின்பக்கம் போய்விடும். அந்தக் காலத்து இயந்திரத்துக்கு அதைப் பிடிக்கிற சாமர்த்தியம் இல்லை. "நாங்க கொட்டுனதுலேயே இன்னும் ஈயம் கெடக்கு" என்றார். தோட்டத்துக்குப் பின்னால் அளந்தவர்கள் தேடுவது அதைத்தான் என்று நினைக்கிறேன். புது லொம்போங் இல்லை. பழைய கழிவை மறுபடி அரிப்பது. இன்றைய விலைக்கும் இன்றைய இயந்திரத்துக்கும் கட்டுப்படியாகலாம்.

இந்தக் கப்பல் நின்றது 1982. மற்றவை ஏன் நின்றன என்று கேட்டால் பெரியப்பா வயதுக்காரர்கள் எல்லாரும் ஒரே வருடத்தைச் சொல்வார்கள்: 85. அனைத்துலக ஈய மன்றம் என்று ஒன்று இருந்தது. விலை இறங்கினால் வாங்கிக் குவிப்பது, ஏறினால் விற்பது, இதுதான் அதன் வேலை. ஈயம் பூசிய டின்களின் இடத்தை அலுமினியம் பிடித்துக்கொண்டது, மன்றத்தில் சேராத பிரேசில் இஷ்டத்துக்குத் தோண்டியது, மன்றமோ வாங்கிக்கொண்டே இருந்தது. 1985 அக்டோபர் 24ஆம் தேதி கையில் காசில்லை என்று சொல்லிவிட்டது. லண்டன் சந்தை ஈய வியாபாரத்தை நிறுத்தியது, கோலாலம்பூர் சந்தையும் மூடியது. அடுத்த வருடம் திறந்தபோது விலை பாதி. அதற்கு முன்னாலேயே 1981-82இல் மாமின்கோ என்ற நிறுவனம் வழியாக மலேசியா ரகசியமாக வாங்கி விலையை ஏற்றப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது தனிக்கதை.

பெரியப்பாவுக்கு அந்த நோட்டீஸ் நினைவிருக்கிறது. ஒரு தாள், இரண்டு மொழி, தமிழ் இல்லை. மறுபடி தோட்டத்துக்கே வந்து செம்பனைக் குலை சுமந்தார்.

ஞாயிறு

இன்று கெல்லீஸ் காசல், கட்டி முடியாத பழைய மாளிகை. எல்லாரும் பேய்க்கதைக்காகப் போகிறார்கள், படம் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அங்கே பிடித்தது பக்கத்தில் இருக்கிற மாரியம்மன் கோயில். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் இங்கே கிந்தா கெல்லாஸ் என்று ரப்பர் தோட்டம் போட்டார், ஈயத்திலும் இறங்கினார், மாளிகை கட்ட மதராஸிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார். காய்ச்சல் வந்து ஆட்கள் சாகவும், அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், கட்டிக்கொடுத்தார் என்பது ஊரில் சொல்வது. அந்த நன்றிக்குக் கோயில் கூரையில் சாமி சிலைகளோடு சட்டை, தொப்பியுடன் துரையும் நிற்கிறார். மாளிகை முடியவில்லை, 1926இல் லிஸ்பனில் நிமோனியா வந்து இறந்துபோனார்.

மேலே ரப்பர், கீழே ஈயம், இரண்டும் ஒரே துரைக்கு. இப்போது சட்டம் வேறு. நிலப் பட்டா யார் பெயரில் இருந்தாலும் அடியில் இருக்கிற கனிமம் மாநில அரசுக்குச் சேரும். தோண்டுகிற உரிமத்தையும் மாநிலமே கொடுக்கும். கூட்டரசு கொள்கை போடலாம், போட்டும் இருக்கிறது. 2021 முதல் 2030 வரைக்கான கனிமத் தொழில் உருமாற்றத் திட்டம் என்று ஒரு கனமான ஆவணம். ஆனால் கையெழுத்து மாநிலத் தலைநகர் ஈப்போவில். கூட்டரசு இருக்கிற புத்ராஜெயாவில் ஒன்று பேசி, மாநிலத்தில் ஒன்று நடப்பதற்கு இதுவும் காரணம்.

தோட்டத்து ஆட்களுக்கு நிலம் யாருடையது என்ற கேள்வி புதிதில்லை. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது லயத்தில் இருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். சுங்கை சிப்புட்காரரான அமைச்சர் சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்டாக) ஆட்களிடம் சேர்த்து 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். அப்போது வாங்கியது மேல்மண். கீழ்மண்ணைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, யோசித்திருந்தாலும் வழி இல்லை.

மதியம் தஞ்சோங் துவாலாங்கில் உடாங் காலா சாப்பிட்டோம். இந்த ஊர் நன்னீர் இறால் பெயர்போனது. பழைய ஈயக்குட்டைகளில் இறால், மீன், கரையில் வாத்துப் பண்ணை. பலருக்குத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம், வருடா வருடம் புதுப்பிக்கிற தாள். சிலருக்கு அதுவும் இல்லை. ஈயம் திரும்ப வந்தால் முதலில் கிளப்பப்படுகிறவர்கள் இவர்கள்தான். என் சித்தப்பா மகன் ஒருவன் குட்டைக்கரையில் மாடு வளர்க்கிறான். அவனிடம் இருப்பது பழைய கிராணியாரின், அதாவது தோட்டத்து எழுத்தரின், வாய் வார்த்தை.

மிச்ச நிலத்தின் கதையையும் சொல்லவேண்டும். நல்ல சமவெளி ஈய நிலமெல்லாம் இப்போது தாமான் (குடியிருப்பு), பேரங்காடி, பல்கலைக்கழகம். கம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகமும் ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகமும் பழைய ஈய நிலத்தின்மேல் நிற்கின்றன. சிலாங்கூரில் சன்வே நீர்விளையாட்டுப் பூங்காவும் அப்படித்தான். அடியில் ஈயம் இருக்கிறது என்று வகுப்பறையை இடிக்கமுடியாது. அதனால்தான் இன்று நாட்டின் பெரிய ஈயச் சுரங்கம் தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், குளியான் இந்தானில், மலையை உடைக்கிறது. அங்கே ஆற்று மணலை அரிப்பதில்லை. பாறையை வெடித்து, அரைத்து, பிறகு பிரிக்கவேண்டும். டீசலும் மின்சாரமும் அதற்குத் தகுந்தபடி.

திங்கள்

காலையில் பெரியப்பா அலமாரியிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்து என் கையில் வைத்தார். கை சட்டென்று கீழே போனது. பாதி டின்தான் இருந்தது, கறுப்பு மணல். கப்பல் நின்ற வருடம் கொண்டுவந்தாராம். எப்படி என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா முறத்தை எடுத்துவந்து, பின்கட்டுக் குழாயடியில் ஒரு பிடியைப் போட்டு அரிசி களைகிற மாதிரி சுற்றினார். லேசானது தண்ணீரோடு வழிந்தது, கனமானது ஒரு கோடாக நின்றது. அந்தக் கோட்டை விரலால் பிரித்தபோது அதிலும் இரண்டு நிறம். நல்ல கறுப்பு ஈயத்தாது. தேன் நிறத்தில் மின்னுகிற சில மணிகள் வேறு ஏதோ.

"அதுதான் அமாங்" என்றார் பெரியப்பா. ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சுகிற கனமணல். இல்மனைட், சிர்கோன், கூடவே மோனசைட். மோனசைட்டில் அரியமண் தனிமங்கள் (ரேர் எர்த், காந்தம் செய்ய வேண்டியவை) இருக்கின்றன, தோரியமும் இருக்கிறது. தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதனால்தான் இன்றைக்கும் அமாங் ஆலைகள் அணுசக்தி உரிமச் சட்டத்துக்குக் கீழே வருகின்றன. பெரியம்மா இதைக் கேட்டுக்கொண்டே கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

பிறகு பாப்பான் வழியாக புக்கிட் மேரா வரை காரில் போய்வந்தோம். பார்க்க ஒன்றும் இல்லை, புதுக்கிராமம், பள்ளி, கோப்பிக்கடை. அங்கே ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982இல் தொடங்கியது. ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலுக்கு அதில் 35 விழுக்காடு. மோனசைட்டை வைத்து இட்ரியம் எடுப்பார்கள். தோரியக் கழிவைப் பாப்பானில் கொட்டுவது திட்டம். 1984இல் பாப்பான் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, 1993 கடைசியில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது, ஆனாலும் 1994இல் கம்பெனியே கடையைக் கட்டியது. கழிவெல்லாம் கிளேடாங் மலையில் புதைத்தாயிற்று. சுத்தம் செய்ய ஆன செலவு ஏறக்குறைய 10 கோடி அமெரிக்க டாலர். ஆலை ஓடிய வருடங்களை விடச் சுத்தம் செய்த வருடங்கள் அதிகம். தங்கள் பிள்ளைகளுக்கு வந்த ரத்தப் புற்றுநோய்க்கு ஆலைதான் காரணம் என்று அந்த ஊர்க்காரர்கள் கடைசிவரை சொன்னார்கள். கம்பெனி ஒத்துக்கொள்ளவே இல்லை.

இதைச் சொல்லாமல் இன்றைய அரியமண் பேச்சைப் பேசமுடியாது. மலேசியாவில் 1 கோடியே 61 லட்சம் டன் கதிரியக்கமில்லா அரியமண் இருப்பதாக அரசாங்க மதிப்பீடு. இது களிமண்ணில் ஒட்டியிருக்கிற வகை, மோனசைட் இல்லை. பேராக்கின் வடக்கே, கிரிக் பக்கம் கெனெரிங்கில் சோதனைத் திட்டம் நடந்தது. குன்றைத் தோண்டுவதில்லை. மேலே துளைபோட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றுவார்கள், அது களிமண்ணிலிருந்து தனிமத்தைக் கழற்றிக்கொண்டு அடிவாரத்துக்கு வடியும், அங்கே பிடித்துப் படியவைப்பார்கள். மரத்தை வெட்டவேண்டிய அளவு குறைவு என்பார்கள் திட்டக்காரர்கள். கரைசல் எல்லாம் குழாய்க்கே திரும்பி வருமா, ஆற்றுக்குப் போகுமா என்பார்கள் மற்றவர்கள். மழை பெய்கிற மலைச்சரிவில் இது நியாயமான கேள்வி.

2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து பதப்படுத்தாத அரியமண்ணை ஏற்றுமதி செய்யத் தடை. எனக்கு இந்தத் தடை பிடித்திருக்கிறது. மணலாக அனுப்பிவிட்டுக் காந்தமாகத் திரும்ப வாங்குவதில் என்ன லாபம்? ஆனால் தடை போட்டால் மட்டும் ஆலை வந்துவிடாது. பிரித்தெடுக்கிற தொழில்நுட்பம் பெரும்பாலும் சீனாவிடம். 2023 டிசம்பரில் அவர்கள் அதை வெளியே கொடுக்கத் தடை போட்டார்கள்; 2025 ஏப்ரலில் கனவகை அரியமண் ஏழுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு. அடுத்த மாதமே குவாந்தான் கெபெங்கில் இருக்கிற லைனாஸ் ஆலை டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு பிரித்துக் காட்டியது. சீனாவுக்கு வெளியே வணிக அளவில் அதுதான் முதல். ஆக முடியாத காரியம் இல்லை. ஆனால் அந்த ஆலைக்குத் தாது ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, 2012இல் தொடங்கியதிலிருந்து அதன் கழிவு பற்றிய சண்டையும் ஓயவில்லை.

மண்ணில் இல்லாததால் இந்தத் தொழில் நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் படுவது. ஈயமும் இருக்கிறது, அரியமண்ணும் இருக்கிறது. கம்பெனிக்காரன் கிராமத்துக்குள் வந்தால் அவன் வாயைத் திறக்குமுன் ஜனங்கள் புக்கிட் மேரா என்கிறார்கள், அதுதான் நிற்கவைக்கிறது. அந்த ஒரு ஆலையின் கணக்கை இன்னும் எத்தனை ஆலைகள் தீர்க்கவேண்டுமோ.

செவ்வாய்

சிம்பாங் பூலாய் பக்கம் சுருக்கமாக ஒரு சுற்று. சுண்ணாம்புக்கல் மலை, பாதி இல்லை. ஈப்போவைச் சுற்றி இப்போது உண்மையில் ஓடுகிற சுரங்கத்தொழில் இதுதான்: சிமெண்ட், பளிங்கு, பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் போகிற கால்சியம் பொடி. சாலையோரச் செம்பனை ஓலையெல்லாம் மாவு பூசியிருக்கிறது. லாரி ஓட்டுகிற என் அத்தை மகனிடம் வேலை எப்படி என்றேன். "ஆளில்லை லா. நம்ம பசங்க சிங்கப்பூருக்குப் போயிட்டானுங்க, உள்ள இருக்கிறவன் பூராவும் பங்களாதேஷ்காரன்." வெடி வைக்க லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லாருக்கும் தலை நரைத்துவிட்டதாம். அவன் மகள் படிவம் ஆறு முடித்து நிலவியல் படிக்கவேண்டும் என்கிறாள். வீட்டில் கணக்கியல் எடுக்கச் சொல்லி நெருக்குகிறார்கள். ஈப்போவிலேயே கனிம ஆய்வு மையம் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கூட்டம். நிலம் அளந்த கம்பெனியின் ஏஜெண்டு வந்திருந்தார், நம்ம ஆள்தான், சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல். நாற்பது பேருக்கு வேலை என்றார். கோயிலுக்குப் புதுக் கூரை என்றார். கைதட்டினார்கள்.

பெரியப்பா எழுந்தார். "தம்பி, கூரை இருக்கட்டும். மாநிலக் கனிமச் சட்டத்துல சீரமைப்பு நிதின்னு ஒண்ணு இருக்கு. தோண்டுறதுக்கு முன்னாடி எவ்வளவு கட்டுவீங்க?" இது நேற்று இரவு நாங்கள் உட்கார்ந்து எழுதிய தாளில் முதல் கேள்வி. ஏஜெண்டு தண்ணீர் குடித்தார். "ஐயா, அதெல்லாம் ஆபீஸ்ல பார்த்துக்குவாங்க."

"சரி. அமாங் வருமே, அதை எங்க வைப்பீங்க?"

"இப்ப டெக்னாலஜி மாறிடுச்சுங்க ஐயா."

"டெக்னாலஜி மாறட்டும். எங்க வைப்பீங்க?"

பின்வரிசையில் சிரிப்பு. மாடு வளர்க்கிற சித்தப்பா மகன் எழுந்து, குட்டைக்கரையில் இருக்கிறவர்களுக்கு நஷ்டஈடு உண்டா என்று கேட்டான். தாள் இருக்கிறவர்களுக்கு உண்டு என்று பதில் வந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். ஏஜெண்டு கேள்வித்தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புவதாகச் சொல்லிக் கிளம்பினார். வேலைக்குப் பெயர் கொடுக்கிற தாளில் மட்டும் கையெழுத்துகள் விழுந்துகொண்டே இருந்தன. கொடுத்தவர்களைக் குறை சொல்லமுடியாது. செம்பனையில் வருமானம் என்ன என்று எனக்குத் தெரியும்.

கிந்தா மாவட்ட நில அலுவலகம் இங்கே பத்து காஜாவிலேயே இருக்கிறது. வியாழக்கிழமை போய், அளந்த இடம் யார் பெயரில், உரிமத்துக்கு மனு போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதாகப் பெரியப்பா முடிவு செய்துவிட்டார். சித்தப்பா மகனும் கூடப் போகிறான். வரைபடத்துக்கு நகல் ஒரு தாள் எவ்வளவு என்று இப்போதே யாரையோ போனில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.